எத்தனை களி? எவ்வளவு சோறு?

1

அரூரில் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி, ஆறாம் வகுப்பு படிக்கிறவள், ஒரு நாள் சாயங்காலம் ஆங்கில இலக்கணப் பயிற்சித்தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். தாளில் இரண்டு கட்டங்கள். ஒன்று எண்ணக்கூடிய பெயர்களுக்கு, மற்றது எண்ணமுடியாத பெயர்களுக்கு. கீழே பட்டியல்: எக், ரைஸ், ஆப்பிள், மில்க், பிரெட், சுகர். உன் வீட்டில் சாப்பிடும் இரண்டு உணவுகளையும் சேர்த்து எழுது என்று கடைசியில் ஒரு வரி. அவள் இட்லியையும் களியையும் எண்ணக்கூடிய கட்டத்தில் எழுதியிருந்தாள். இட்லிக்கு டிக். களிக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி.

"களிய எண்ணலாம்ல ண்ணா? எங்கப்பாவுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு."

திருத்தியவர் மேல் குற்றமில்லை. மாவும் தண்ணீரும் சேர்ந்து கெட்டியான பண்டம் ஆங்கில இலக்கணப்படி பொருண்மைப் பெயர்தான். பிள்ளை மேலும் குற்றமில்லை. தருமபுரிப் பக்கத்தில் ராகிக் களியை யாரும் கிலோவாகவோ கிண்ணமாகவோ நினைப்பதில்லை. கிண்டி இறக்கி, கையை நனைத்து உருண்டை பிடித்து வைத்தால் அது ஒண்ணு, ரெண்டு. இரண்டு பேரும் சரியென்றால் தப்பு எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் இலக்கணத்தில் தொடங்கி ரேஷன் கடை வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வழியை விளக்கத்தான் இக்கட்டுரை.

2

முதலில் ஆங்கிலத்தின் விதி என்னவென்று பார்த்துவிடலாம். அங்கே பெயர்ச்சொல் ஒன்றைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும், இது தனித்தனியாகப் பிரிந்து நிற்கும் பொருளா, பிரிவில்லாத பண்டமா என்று பேசுபவர் முடிவுசெய்தாக வேண்டும். எண்ணக்கூடியது என்றால் ஒருமையில் முன்னால் 'எ' அல்லது 'ஆன்' வரும், பன்மையில் பின்னால் 'ஸ்' வரும், 'ஹவ் மெனி' என்று கேட்கலாம். எண்ணமுடியாதது என்றால் இவை எதுவும் வராது, 'ஹவ் மச்' என்றுதான் கேட்க முடியும். எண்ணியே தீரவேண்டும் என்றால் இடையில் ஒரு சொல்லைச் சொருக வேண்டும். பிரெட்டுக்கு 'லோஃப்' அல்லது 'ஸ்லைஸ்', ரைஸுக்கு 'கிரெய்ன்', பாலுக்கு 'கிளாஸ்'.

பாடப்புத்தகம் இதற்குச் சொல்லும் காரணம், எண்ண முடிந்ததை எண்ணுகிறோம், முடியாததை விட்டுவிடுகிறோம் என்பது. பொருளின் இயல்பே இலக்கணத்தைத் தீர்மானிக்கிறதாம். இது உண்மையில்லை என்பதற்கு ஆங்கிலச் சமையலறையே சாட்சி. ஓட்ஸ் பன்மை. வீட், அதாவது கோதுமை, ஒருமை. இரண்டும் தானிய மணிகள்தான். பருப்புக்கு அவர்கள் சொல்லும் லென்டில் எண்ணக்கூடியது, அரிசி எண்ணமுடியாதது. துவரம்பருப்பையும் அரிசியையும் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், எதை எண்ணுவது சுலபம்? நூடுல்ஸ் பன்மை, ஸ்பாகெட்டி பண்டம். அதே ஸ்பாகெட்டி தாய்மொழியான இத்தாலியனில் பன்மைச் சொல். கடலைக் கடந்ததும் எண்ணிக்கையை இழந்துவிட்டது.

பட்டாணியின் கதை இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் 'பீஸ்' என்பதே ஒருமை, ஒரு பண்டத்தின் பெயர். கடைசியில் ஒலிக்கும் ஸகரத்தைப் பன்மை விகுதி என்று ஜனங்கள் தவறாக நினைத்ததால், 17ஆம் நூற்றாண்டு வாக்கில் 'பீ' என்ற புதிய ஒருமை பிறந்தது. பட்டாணி மாறவில்லை. காது மாறியது, இலக்கணம் பின்னால் போனது.

ஒரே சொல் இரண்டு பக்கமும் போவதும் உண்டு. காபி பண்டம், ஆனால் கடையில் 'டூ காஃபீஸ்' என்பார்கள். கோப்பை என்ற சொல் சொல்லாமலே உள்ளே இருக்கிறது. 'எ சிக்கன்' என்றால் உயிரோடு மேயும் கோழி. அந்த 'எ' போய்விட்டால் தட்டில் கிடக்கும் கறி. எண்ணக்கூடிய எதையும் அரைத்துப் பண்டமாக்கிவிடலாம் என்பதை விளக்க, தத்துவவாதிகள் 'உலகளாவிய அரவை எந்திரம்' என்று ஒன்றைக் கற்பனை செய்தார்கள். யோசனை டேவிட் லூயிஸுடையது, 1975இல் பெல்லட்டியர் எழுதியதன் வழியாகப் பரவியது. ஆக, எண்ணக்கூடியது, முடியாதது என்ற பேதம் பொருளின் மேல் ஒட்டியிருப்பதல்ல. பேச்சில், பயன்பாட்டில் நேர்வது.

இந்தப் பிரிவைக் கூர்மையாக வகுத்தவர்களில் ஒருவர் டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சன், 1924இல் வந்த அவருடைய இலக்கணத் தத்துவ நூலில். பிறகு அமெரிக்காவின் குவைன் 1960இல் 'சொல்லும் பொருளும்' நூலில் இதைத் தத்துவக் கேள்வியாக்கினார். இடையில் வோர்ஃப். ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு துண்டு ரொட்டி என்று பேசிப் பேசியே, உலகம் என்பது உருவமற்ற பண்டமும் அதன்மேல் போர்த்தப்பட்ட உருவமும் என்கிற எண்ணம் ஐரோப்பியர்களுக்குப் பழகிவிட்டது என்றார். கவர்ச்சியான வாதம்தான். ஆனால் ஹோப்பி மொழியில் காலம் பற்றி அவர் சொன்னவற்றை 1983இல் மலோட்கி விரிவான தரவுகளோடு மறுத்தார். மொழி ஒரு சிறை, நமக்கு வேறு சிறை, அவர்களுக்கு வேறு சிறை என்கிற முடிவுக்கு நான் போகவில்லை. ஒரு மொழி எதைக் கட்டாயமாக்குகிறது, எதை நம் விருப்பத்துக்கு விடுகிறது என்பது மட்டுமே எனக்கு முக்கியம்.

3

தமிழில் என்ன நடக்கிறது? 'எத்தனை', 'எவ்வளவு' என்று இரண்டு கேள்விகள் நம்மிடமும் உண்டு. எத்தனை இட்லி, எவ்வளவு சோறு. ஆனால் அந்தப் பேதம் பெயர்ச்சொல்லுக்குள் இறங்கவில்லை. ஹோட்டலில் "நாலு இட்லி கொண்டாங்க" என்கிறோம். 'நாலு இட்லிகள்' என்று கேட்பவரை சப்ளையர் ஒரு மாதிரி பார்ப்பார். "இட்லி வெந்துடுச்சு" என்றால் ஒன்றா, ஒரு ஈடா என்று யாரும் கேட்பதில்லை.

இது பேச்சுமொழியின் சோம்பேறித்தனம் இல்லை. தொல்காப்பியம் பெயரியலிலேயே இதற்கு இடம் இருக்கிறது. அஃறிணை இயற்பெயர் ஒன்றா பலவா என்பது அதோடு வரும் வினையைக் கொண்டு தெரியும். 'கள்' சேர்வதும் உண்டு, ஆனால் கட்டாயம் இல்லை. நன்னூல் மரபு இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று சொல்லிக்கொடுத்தது. மாடு வந்தது, மாடு வந்தன. நாம் மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன விஷயம். பெயர் எண்ணிக்கைக்கு வெளியே நிற்கிறது. எண்ணோ வினையோ வந்த பிறகுதான் ஒன்று, பல என்ற பிரச்சினையே எழுகிறது.

சீன மொழியில் எதை எண்ணுவதானாலும் இடையில் ஓர் அலகுச் சொல் வேண்டும். தமிழ் அப்படியும் இல்லை. நாலு இட்லி என்று நேராகவும் சொல்லலாம், ரெண்டு உருண்டை களி என்று அலகு வைத்தும் சொல்லலாம், ரெண்டு களி என்று அலகை விழுங்கியும் சொல்லலாம். அந்தப் பிள்ளை செய்தது கடைசியாகச் சொன்னது. அலகே பொருளுக்குப் பெயராகி நிற்பதற்கு நம் இலக்கணத்தில் பெயர் உண்டு: அளவையாகுபெயர். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நான்கு. ரெண்டு கிலோ வாங்கினேன், அரை லிட்டர் ஊத்து, அஞ்சு மீட்டர் கிழி. என்ன கிலோ, எதில் லிட்டர் என்று சொல்லவேண்டியதில்லை. ஆங்கிலம் உலகத்தை இரண்டு கட்டமாகப் பிரிக்கிறது. நம் இலக்கணம் கையின் நான்கு வேலைகளாகப் பிரிக்கிறது: எண்ணும் கை, தூக்கி நிறுக்கும் கை, முகந்து அளக்கும் கை, நீட்டி அளக்கும் கை.

உணவைப் பற்றி நம் இலக்கணக்காரர்களுக்கு வேறொரு கவலையும் இருந்தது. சொல்லதிகாரத்தில் வேறுவினைப் பொதுச்சொல் என்று ஒரு பகுதி வரும். 'அடிசில்' என்பது உண்பது, தின்பது, பருகுவது, நக்குவது ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். எனவே அதற்கு 'உண்டார்' என்று ஒரு வினையை மட்டும் கொடுத்துவிடக் கூடாது, எல்லாவற்றுக்கும் பொதுவான வினையைத்தான் கொடுக்க வேண்டும் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். இங்கே உணவை வகைப்படுத்துவது வாய். மெல்லுகிறாயா, குடிக்கிறாயா என்பதுதான் கேள்வி. எண்ணலாமா கூடாதா என்பது அடுத்தது. நம் ஊர் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்: "களிய மெல்லக் கூடாது, முழுங்கணும்." அந்த வகைப்பாட்டில் களிக்கு எந்த இடம் என்று உரையாசிரியர்களைக் கேட்டிருக்கலாம்.

இன்னொன்று. ஆங்கிலத்தின் 'ரைஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் நெல், அரிசி, சோறு மூன்றும் அடக்கம். நம்மிடம் மூன்றும் மூன்று உழைப்பின் பெயர்கள். வெந்த சோற்றின் தனி மணிக்குப் 'பருக்கை' என்று தனிச்சொல்லே இருக்கிறது. அந்தச் சொல் எப்போது வாயில் வருகிறது என்று கவனியுங்கள். "ஒரு பருக்கை கீழ சிந்தாம சாப்பிடு." "பானையில ஒரு பருக்கை இல்ல." நிறைந்திருக்கும்போது சோறு, தீரும்போது பருக்கை. சோற்றை எண்ணத்தக்கதாக ஆக்குவது பற்றாக்குறைதான்.

4

இதுவரை பேசியது இலக்கணம். அளவையைப் பற்றிப் பேசும்போது யார் அளக்கிறார் என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

தமிழில் ஒருவருக்குப் பிழைப்புக் கொடுப்பதைப் 'படியளப்பது' என்கிறோம். கடவுளும் படியளக்கிறார், பண்ணையாரும் படியளக்கிறார். இந்தச் சொல்லை எவ்வளவு பக்தியோடு சொல்லிக்கொண்டிருக்கிறோம்! கொடுக்கிறவர் என்று சொல்லவில்லை, அளக்கிறவர் என்கிறோம். படி அவர் கையில். ஊருக்கு ஊர் படி வேறு, பட்டணம்படி வேறு, மரக்கால் வேறு, வள்ளம் வேறு. தலை தட்டி அளப்பது ஒன்று, கோபுரமாகக் குவித்து அளப்பது ஒன்று. வாங்கும்போது குவித்தும் கூலி கொடுக்கும்போது தட்டியும் அளந்தார்கள் என்பதை களத்துமேட்டில் நின்ற தலைமுறையிடம் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள். நெல்லோ கேவுரோ எண்ணமுடியாதது என்பதால்தான் இது சாத்தியம். நாலு தேங்காய் கூலி என்றால் நாலைத் தட்டி மூன்றாக்க முடியாது. மூணு படி கேவுரு என்றால், எந்தப் படி, எந்தக் கை, உள்ளே எத்தனை பதர் என்று அத்தனை இடுக்கிலும் அதிகாரம் நுழையலாம்.

இது நம்ம ஊர்க் கதை மட்டுமில்லை. போலந்து வரலாற்றாசிரியர் விடோல்ட் குலா 1970இல் வெளியிட்ட 'அளவைகளும் மனிதர்களும்' என்ற நூல் முழுக்க இதைத்தான் பேசுகிறது: ஐரோப்பிய நிலவுடைமையில் குவித்த மரக்காலும் தட்டிய மரக்காலும் எப்படி வர்க்கப் போராட்டத்தின் களமாயின என்று. 1789இல் பிரெஞ்சுக் குடியானவர்கள் அரசனுக்கு எழுதிய குறைப்பட்டியல்களில் ஒரே நிறை, ஒரே அளவு வேண்டும் என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. மெட்ரிக் முறையை விஞ்ஞானிகளின் மூளையில் மட்டும் உதித்ததாக நாம் படிக்கிறோம். அதற்குப் பின்னால் அளவையில் ஏமாந்தவர்களின் கோபமும் இருந்தது.

இந்தியாவில் 1956இல் எடை, அளவைகளைத் தரப்படுத்தும் சட்டம் வந்தது. 1958 முதல் 1960களின் தொடக்கம் வரை மெட்ரிக் முறை கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. அதோடு தானியம் முகத்தலிலிருந்து எடுத்தலுக்கு மாறியது, படியிலிருந்து கிலோவுக்கு. ஆனால் 1967 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் ரூபாய்க்கு மூணு படி என்றுதான் முழங்கியது. சட்டத்தில் கிலோ வந்த பிறகும் பசிக்குப் படிதான் பாஷை. படியளக்கிறவர் மாறுகிறார், இனி அது பண்ணையாரோ கடவுளோ இல்லை, நம் ஓட்டில் வந்த அரசாங்கம் என்று அந்தக் கோஷத்துக்குள் ஒரு செய்தி இருந்தது. அளக்கிறவர், அளந்து வாங்குகிறவர் என்ற உறவு மட்டும் அப்படியே இருந்தது.

அதே அளவை உயிரோடு விளையாடிய காலமும் உண்டு. 1876-78 தாதுவருஷப் பஞ்சத்தின்போது இன்றைய தருமபுரி மாவட்டம் சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. 1965 அக்டோபர் 2இல்தான் தனி மாவட்டமானது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று கூலியை வெட்டினார். ஒரு பவுண்டு என்பது 454 கிராம். இந்த அளவில் உழைக்கிற உடம்பு தாங்காது என்று சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். சில மாதங்கள் கழித்துக் கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த சேலம் மாவட்ட ஜனத்தொகை 1881இல் சுமார் 16 லட்சமாகிவிட்டிருந்தது. எவ்வளவு என்ற கேள்விக்குக் கொடுத்த பதில், எத்தனை பேர் என்ற கணக்கில் வந்து முடிந்தது.

5

இன்றைக்கு வருவோம். சத்துணவில் சாதம் கிராமில் அளக்கப்படுகிறது, சாம்பார் கரண்டியில், முட்டை எண்ணிக்கையில். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவாக்கப்பட்ட திட்டத்தில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. படிப்படியாகக் கூடி 2010இல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. சத்துணவு அரசியலில் முட்டைக்குக் கிடைத்த முக்கியத்துவத்துக்குப் புரதம் மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். முட்டை எண்ணக்கூடியது. சாம்பாரில் தண்ணீர் ஊற்றலாம், முட்டையில் ஊற்ற முடியாது. பருப்பு எத்தனை கிராம் போட்டார்கள் என்று ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரியாது. "இன்னிக்கு முட்டை போடல" என்று அது வீட்டில் வந்து சொல்லிவிடும். எண்ணக்கூடிய உணவில் சாப்பிடுகிறவரே தணிக்கையாளர். அளக்க வேண்டிய உணவில் அந்த வேலையும் அளக்கிறவரிடமே இருக்கிறது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் எண்ணக்கூடியதாக்கிவிட்டால் விடுதலை வந்துவிடுமா? வராது. எண்ணுவதற்கும் ஒரு கொடுமை உண்டு. சாப்பிடுகிறவர் தட்டைப் பார்த்து எண்ணக் கூடாது, கண்ணு படும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். "எத்தனை தோசை தின்ன?" என்று கேட்டால் அது விசாரணை. பந்தியில் "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்பதுதான் மரியாதை. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று யாரும் வரையறுப்பதில்லை, வரையறுக்காததில்தான் உபசாரம் இருக்கிறது. ஓட்டல் பலகையில் 'அளவுச் சாப்பாடு' ஒரு விலை, 'முழுச் சாப்பாடு' ஒரு விலை. எண்ணாமல் சாப்பிடுவதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

களி உருண்டைக்குத் திரும்புகிறேன். அந்தப் பிள்ளையின் கணக்கை மறுபடி பாருங்கள். அப்பாவுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. நான் கேட்டேன்: "அம்மாவுக்கு?"

யோசித்தாள். "அம்மா கடைசில சட்டியில இருக்கறத வழிச்சி சாப்பிடும்."

துடுப்புப் போட்டுக் கிண்டியவள் அவள். உருண்டை பிடித்தவள் அவள். வீட்டில் யாருக்கு எத்தனை என்று முழுக் கணக்கும் அறிந்தவளும் அவள்தான். அவள் பங்கு மட்டும் உருண்டையாவதில்லை. ஆங்கிலப் பாடம் களியை எண்ணமுடியாத கட்டத்தில் போடச் சொல்கிறது, இந்த வீடு அம்மா சாப்பிடுவதை அதே கட்டத்தில் போட்டு வைத்திருக்கிறது. "கொஞ்சம் சாப்பிட்டேன்", "இருந்தத சாப்பிட்டேன்" என்று பெண்கள் சொல்லும்போது நாம் இலக்கணத்தைக் கேட்கிறோமா, பசியைக் கேட்கிறோமா?

அரசாங்கமும் இதே மாதிரிதான் கணக்குப் போடுகிறது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ விலையில்லா அரிசி. 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு மாதம் 5 கிலோ என்றது, தமிழ்நாடு 2016 நவம்பரில் அதில் சேர்ந்தது. நாளுக்குச் சுமார் 167 கிராம். இதை 1877இன் ஒரு பவுண்டோடு சமப்படுத்துவது நியாயமில்லை. அது உயிரைப் பிடித்துவைக்கக் கொடுத்த கூலி, இது ஓட்டுரிமையுள்ள ஜனங்கள் போராடி வாங்கிய உரிமை. ஆனாலும் அட்டைக்கு இத்தனை, தலைக்கு இத்தனை என்ற கணக்கு வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே போன 20 கிலோ யாருக்கு உருண்டையாகிறது, யாருக்குச் சட்டியில் ஒட்டுகிறது என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

எந்தத் தானியம் என்பதும் ஒரு கேள்வி. கேவுரும் சாமையும் விளைந்த இந்த வட்டாரத்துக்கு ரேஷன் என்றாலே அரிசி என்று பல காலம் ஆகியிருந்தது. 2023இல்தான் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று தொடங்கினார்கள். வரவேற்க வேண்டியதுதான். உருண்டையை விட்டு அன்னத்தட்டுக்குப் பழகிய பிள்ளைகள் திரும்ப வருவார்களா என்பது வேறு விஷயம். பழைய சாப்பாட்டோடு போனது சத்து மட்டுமா? உருண்டை, கவளம், பிடி, அரிகால், ஆழாக்கு, உழக்கு, உரி என்று அதைப் பங்குபோட்ட சொற்களும் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு கிராம் எவ்வளவு என்று கைக்குத் தெரியாது. ஒரு பிடி எவ்வளவு என்று தெரியும். ஆனால் யார் கைப்பிடி என்று கேட்கவும் அந்தக் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

6

எழுதுகிற நண்பர்களுக்கும் களப்பணியில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் உணவை எண்ணவும் அளக்கவும் புழங்கும் சொற்களை எழுதி வையுங்கள். எந்தச் சொல்லை யார் யாரிடம் சொல்கிறார்கள், கூலியாகக் கொடுக்கும்போது எது, விருந்துக்கு எது, கடனுக்கு எது என்பதோடு சேர்த்து எழுதுங்கள். அகராதியில் படியும் ஆழாக்கும் கிடைக்கும். தலை தட்டுவதும் குவிப்பதும் கிடைக்காது. பசியைப் பற்றி ஆய்வுக்குப் போகிறவர்கள் 'எவ்வளவு சாப்பிட்டீர்கள்' என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிட வேண்டாம். எத்தனை என்றும் கேளுங்கள். அளந்தது யார் என்றும் கேளுங்கள். கதையில் அம்மா 'ஏதோ கொஞ்சம் சாப்பிட்டாள்' என்று எழுத நேரும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி, அது எத்தனை என்று நமக்குத் தெரியுமா என்று பாருங்கள்.

அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். பரீட்சையில் எண்ணமுடியாத கட்டத்திலேயே எழுது, மதிப்பெண் போய்விடும் என்றேன். பக்கத்தில் 'எ பால் ஆஃப் களி' என்று சேர்த்துக்கொள், யாரும் தப்புப் போட முடியாது என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டாள். போகும்போது வாசல் படியில் நின்று, "அப்போ எங்கம்மாவுக்கு எப்பிடி ண்ணா எழுதறது?" என்றாள்.